ஒரு சாண் ஏத்தம்

கோவில்பட்டி ஹவுசிங் போர்டு சி பிளாக்கில் குடியிருக்கிற ஜனங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தரையை விட்டு ஒரு சாண் உயரம் எழும்பி, ஒரு மூச்சு விடுகிற நேரம் அந்தரத்தில் நின்று, மெத்தென்று திரும்ப இறங்கிய அந்த முதல் நாள், தண்ணி வருகிற நாளாகப் போய்விட்டதால், அதைப் பற்றி நின்று பேச அன்றைக்கு யாருக்கும் நேரம் இல்லை. குழாயடியில் வரிசையில் நின்ற பெண்கள் குடத்தோடு எழும்பினார்கள், குடத்தோடு இறங்கினார்கள், இறங்கியதும் முதல் காரியமாக, எழும்பின சாக்கில் எவளாவது முன்னால் புகுந்துவிட்டாளா என்று பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் மாடியில் இட்லி மாவு அரைத்து விற்கிற அன்னப்பழம் அக்கா கிரைண்டரைப் பிடித்தபடி எழும்பி, மாவு ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று கண்டுகொண்டு இறங்கினாள். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிற தவசிக்கனி, சவரம் செய்துகொண்டிருந்தவர், கண்ணாடியில் முகம் இருந்த இடத்தில் தன் நெஞ்சு தெரிவதைப் பார்த்து, கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தில் மணி பார்த்தார். மூன்றாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கிய எப்சிபா மட்டும் எழும்பவில்லை.

எப்சிபா சத்தம் செய்கிறவள். சத்தம் போடுகிறவள் இல்லை, செய்கிறவள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் ஆள் எடுக்கிற வரைக்கும் காதில் ஓடுமே ஒரு டிங்-டிங் இசை, மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பானே, அது மாதிரி எத்தனையோ இவள் செய்தது. கார் பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்துகிற சத்தம், லிஃப்ட் கதவு திறக்கிற மணி, மாவு மில்லில் எடை தாண்டினால் அடிக்கிற அபாயச் சத்தம், எல்லாம் இந்த மூன்றாம் மாடி அறைக்குள் பிறந்து ஊரெல்லாம் போய் ஜனங்களின் எரிச்சலை வாங்கிக்கொண்டு வாழ்கிறவை. ஒன்றில்கூட இவள் பேர் கிடையாது. ஒருத்தர்கூட ஒரு நாளும் அந்தச் சத்தம் நன்றாக இருந்தது என்று சொன்னது கிடையாது. அம்மா தூத்துக்குடியில் அண்ணன் வீட்டோடு போய்விட, தனியாக இருந்து, முப்பத்தைந்து வயதுக்குள் இவ்வளவு சத்தங்களைப் பெற்றுப்போட்டு, ஒன்றுக்கும் தாயென்று சொல்லிக்கொள்ள முடியாமல் இருந்தாள்.

அப்படி இருக்கையில்தான் சென்னையிலிருந்து நவ்ஃபல் கூப்பிட்டான். சின்னப் பையன்தான், ஆனால் விளையாட்டு செய்கிறதில் கெட்டிக்காரன். ஒரு வெள்ளாட்டுக் குட்டி மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவித் தாவி ஊர்க்கோடிக்குப் போகிற விளையாட்டு ஒன்றைப் பழைய காலத்து வீடியோ கேம் மாதிரியே, கட்டம் கட்டமான படத்தோடு செய்துகொண்டிருந்தான். அதற்குச் சத்தமும் பழைய மாதிரியே வேண்டும் என்றான். ஆரம்பிக்கும்போது திரையில் "ஒலி: எப்சிபா" என்று பேர் வரும் என்றான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு அவளுக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. பேர் வரும் என்பதற்காகவே மற்ற வேலைகளை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பழைய விளையாட்டு மெஷின்களுக்கு வீணையும் தெரியாது வயலினும் தெரியாது. ஸ்பீக்கரை இழு, விடு, இழு, விடு என்று மாறி மாறித் தட்டத்தான் தெரியும். அப்படித் தட்டினால் வருகிறதைத்தான் சதுர அலை என்கிறார்கள். அதில் ஒரு சுருதியைக் கூப்பிட்டால் அது தனியாக வராது. தன்னைப்போல மூன்று மடங்கு வேகத்தில் துடிக்கிற ஒன்று, ஐந்து மடங்கில் ஒன்று, ஏழு மடங்கில் ஒன்று என்று கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்புகிற மாதிரிக் கிளம்பி வரும். அந்தக் கூட்டம் சேர்ந்து வருவதால்தான் அந்தச் சத்தத்துக்கு அந்தக் கணீர் என்ற குணம். ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒரு கூரை உண்டு, அதற்கு மேல் துடிக்கிற எதையும் அதனால் எண்ண முடியாது. ஆட்டுக்குட்டி தாவுகிற சத்தமோ கீழேயிருந்து சர்ரென்று மேலே ஏற வேண்டிய சத்தம். ஏற ஏற அந்த மேல்மடங்குகள் ஒவ்வொன்றாகப் போய்க் கூரையில் முட்டி, எறிந்த பந்து மாதிரித் திரும்பிக் கீழே விழும். விழுந்தவை எந்தச் சுருதியிலும் சேராமல் உள்ளே கிடந்து கரகரக்கும்.

அந்தத் தாவல் சத்தத்தை முதல்முதலாகச் செய்து முடித்து, கேட்டுப் பார்க்கலாம் என்று எப்சிபா பொத்தானை அமுக்கியதுதான் அந்தத் தண்ணி வந்த நாள் காலை. அவள் ஹெட்போனில் கேட்டாள், வெளியே ஒருவர் காதிலும் விழவில்லை, ஆனாலும் பிளாக் முழுக்க எழும்பியது. சத்தத்தை அவள் நவ்ஃபலுக்கு அனுப்பினாள். அவன் கேட்டுவிட்டு, "அக்கா, சூப்பரா இருக்கு, ஆனா உள்ள ஏதோ மணல் அரைக்குதுக்கா, அதை மட்டும் எடுத்துக் கொடுத்துருங்க," என்றான். அவன் சொன்னது சரிதான், அவளுக்கும் கேட்டது. கூரையில் முட்டி விழுந்ததுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும், ஒன்றை எடுக்க வேண்டும் கேட்க வேண்டும், இன்னொன்றை எடுக்க வேண்டும் கேட்க வேண்டும், அமுக்கி அமுக்கித்தான் அந்த வேலை நடக்கும். மறுநாள் காலையில் அமுக்கினாள், பத்துமணிக்கு அமுக்கினாள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து தரம் அமுக்கினாள்.

தவசிக்கனி எந்தப் பைப் ஒழுகினாலும் மாடி மாடியாக ஏறிக் கண்டுபிடிக்கிற ஆள். இதற்கும் அப்படியே கிளம்பினார். ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார், எல்லா வீட்டிலும் எல்லாரும் எழும்பினார்கள். மூன்றாம் மாடிக் கடைசி வீட்டு ஜன்னலுக்கு வந்தபோது உள்ளே எப்சிபா ஒரு பொத்தானை அமுக்கினாள், தவசிக்கனி எழும்பினார், அவள் எழும்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இறங்கிய அவர், "ஏம்மா, நீதானா அது," என்றார்.

"எது சார்?"

"எங்களைத் தூக்கித் தூக்கிப் போடுதது."

எப்சிபாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். சொன்னதும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது, மனுஷன் கண் முன்னால் எழும்பி இறங்கியிருக்கிறார்.

முதல் வாரம் புகார்தான். தோசையைத் திருப்புகிற நேரத்தில் தூக்குகிறாய், ஊசியில் நூல் கோர்க்கிற நேரத்தில் தூக்குகிறாய், நெற்றியில் பொட்டு வைக்கப் போனால் மூக்கில் வைக்கும்படி பண்ணுகிறாய் என்று ஆளாளுக்கு வந்து அவள் வாசலில் நின்று உயிரை வாங்கினார்கள். இரண்டாம் வாரம் ஆளுக்கொரு உபயோகம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஃபேன் துடைக்க ஸ்டூல் வேண்டாம் என்றாயிற்று. ஒட்டடை அடிக்க, சுவர்க்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற, பரணில் இருக்கிற பித்தளைப் பானையை எடுக்க, பக்கத்துக் கல்யாண மண்டபத்து மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து இன்றைக்கு என்ன இலை போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சாண் போதுமானதாக இருந்தது. அதற்கு ஏத்தம் என்று பேரும் வைத்துவிட்டார்கள். தண்ணி விடுகிற மாதிரி ஏத்தம் விடுகிறது என்றார்கள். "இன்னைக்கு ஏத்தம் விட்டாச்சா" என்று மாடிப்படியில் கேட்டுக்கொண்டார்கள். பி பிளாக்காரர்கள் வந்து, எங்கள் பக்கத்துக்கும் ஒரு லைன் இழுத்துக் கொடுக்கக் கூடாதா என்று சண்டை பிடித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எழும்பி இறங்கிவிட்டு, "உங்க பிளாக்கில ஏத்தமாவது வருது, எங்க பக்கம் கரண்டே ஒழுங்கா வரது கிடையாது," என்று சொல்லிவிட்டு காபி குடித்தார்கள். அதற்கு மேல் அதில் ஆச்சரியப்பட யாருக்கும் எதுவும் இருக்கவில்லை.

தண்ணியென்றால் முறை வேண்டும், நேரம் வேண்டும். சங்கம் கூடித் தினமும் காலை பத்திலிருந்து பத்தரை வரை ஏத்தம் விடும் நேரம் என்று முடிவு செய்தது. தவசிக்கனி தும்பைப்பூ வேட்டி கட்டிக்கொண்டு எப்சிபாவின் அறைக்குள் வந்து, ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, தானே பொத்தானை அமுக்கித் தொடங்கியும் வைத்தார். பிளாக் முழுக்க எழும்பியது. அமுக்கிய தவசிக்கனி எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற எப்சிபாவும் எழும்பவில்லை. ஆக, அமுக்குகிறவருக்கும் ஏத்தம் கிடையாது, செய்தவளுக்கும் கிடையாது என்று ஆனதில், அதற்குப் பிறகு நான் அமுக்குகிறேன் என்று ஒரு ஆள் வரவில்லை.

எப்சிபா அன்றைக்கு அவரிடம் ஆசையாகக் கேட்டாள். அவளைத் தவிர அந்தப் பிளாக்கில் அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

"சத்தம் எப்படி இருந்துச்சு சார்?"

"சத்தமா?" என்று ஹெட்போனைக் கழற்றினார் தவசிக்கனி. "நான் வாட்ச்சையில்லம்மா பாத்துக்கிட்டு இருந்தேன். சரியா பத்து."

அவள் அன்று சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு எரிச்சல். பிளாக்கில் இருக்கிற ஒவ்வொரு உடம்புக்கும் அவள் செய்த சத்தம் தேவைப்பட்டது, ஒரு காதுக்கும் தேவைப்படவில்லை.

எரிச்சல் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அரைமணி நேரத்தில் என்ன வேலை நடக்கும்? அந்த அரைமணியிலும் அவள் சத்தத்தில் கையை வைத்தால் போதும், ஏத்தம் மாறிவிடும், ஜனங்கள் வந்துவிடுவார்கள். ஒரு நாள் முக்கோண அலையாக மாற்றிப் பார்த்தாள். அதில் மேல்மடங்குகள் சீக்கிரம் சோர்ந்துவிடும், சத்தம் மெல்லிசாக இருக்கும். அன்றைக்கு எல்லாரும் குதிகால் மட்டும் எழும்பி விரல்நுனியில் நின்றார்கள். இது என்ன அரை ஏத்தம், மீதியை யாருக்கு விடுகிறாய் என்று கேட்டார்கள். இன்னொரு நாள் துடிப்பைக் குறுக்கி ஒல்லியாக்கினாள். குழந்தைகள் மட்டும் கூரைக்குக் கையை நீட்டிக்கொண்டு எழும்பினார்கள், பெரியவர்கள் நின்ற இடத்தில் நின்று வயிறெரிந்தார்கள். மூன்றாம் மடங்கை மட்டும் எடுத்துப் பார்த்த நாள் எல்லாரும் இடதுபக்கமாகச் சாய்ந்து எழும்பியதில் முதல் மாடியில் ஒரு குண்டான் பால் போனது. ஒவ்வொரு தடவையும் பழைய சத்தத்தையே திரும்பப் போட்டுக் காட்டி, பழையபடி ஒரு சாண் எழும்பவிட்டு, மன்னிப்புக் கேட்டு அனுப்பினாள். மணல் உள்ளே அரைத்துக்கொண்டே இருந்தது. எதை எடுத்தால் மணல் போகும் என்று அவளுக்குத் தெரியும், எடுக்கத்தான் விடவில்லை.

அன்னப்பழம் அக்கா சண்டைக்கு வருகிறவள் இல்லை. அவளுக்கு மூட்டுவலி. பல வருஷமாகக் கிரைண்டர் பக்கத்தில் நின்று நின்று இரண்டு முட்டியும் தேய்ந்து, உட்கார்ந்தால் எழும்ப முடியாது, எழும்பினால் உட்கார முடியாது என்கிற நிலைமையில் இருந்தாள். ஏத்தம் வருகிற அந்த ஒரு மூச்சு நேரம் உடம்பின் பாரம் முட்டியில் இறங்காது. அதற்காகப் பத்து மணிக்கு முன்னாலேயே மாவு வேலையை முடித்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றுவிடுவாள். சில நாள் கூடுதலாக ஒன்று கேட்கலாம் என்று ஒரு தூக்குவாளி மாவோடு ஒரு மாடி ஏறி வருவாள், அந்த ஏறுகிற வலிக்கு இந்த ஒரு மூச்சு எந்த மூலைக்கு என்று எப்சிபா நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொண்டு அமுக்குவாள். அக்கா எழும்பி இறங்கி, "காலு இருக்கதே தெரியல தாயி," என்று சொல்லிவிட்டு, திரும்பவும் வலியோடு படியிறங்கிப் போவாள். அவளிடம் மட்டும் எப்சிபாவால் முடியாது என்று சொல்ல முடிந்ததில்லை.

நவ்ஃபல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் கூப்பிட்டான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் லாஸ்ட். அதுக்கப்புறம் நெட்டுல ரெடிமேடா கிடைக்கிற சத்தம் ஒண்ணை வாங்கிப் போட்டுருவேன். அப்ப உங்க பேரைப் போட முடியாதுல்ல, நீங்களே சொல்லுங்க."

எப்சிபா போனை வைத்துவிட்டு நேராகக் கீழே போனாள். தவசிக்கனி தண்ணித் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொட்டி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எனக்கு வெள்ளிக்கிழமை ஒரு முழு மத்தியானம் வேணும். விடாம அமுக்கிச் சத்தத்தை மாத்தணும்."

"அது எப்படிம்மா முடியும், ஏத்தத்துக்கு நேரம்னு ஒண்ணு வச்சிருக்கோம்ல."

"என் வேலை சார் அது. என் கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர் உன்னுதுதான், இல்லேங்கல. எழும்புதது நாங்கல்லா," என்றார் தவசிக்கனி, ரொம்பப் பொறுமையாக. "இது பொதுவானது. உன் இஷ்டத்துக்கு அடைக்கவும் முடியாது, திறக்கவும் முடியாது."

"நான் ஒண்ணும் தண்ணி விடல சார். நான் சத்தம் செய்யுதேன்."

"அதான்ம்மா, சத்தமும் செஞ்சுக்கோ. யாரு வேண்டாம்னா?"

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. மாடியேறும்போது அன்னப்பழம் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள், எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"நீ அதை மாத்தப் போறியாமே தாயி."

"மாத்தித்தான் ஆகணும்க்கா. என் பேரு வரப்போற ஒரே காரியம் இதுதான். வேற எதுலயும் வரல, இனி வருமான்னும் தெரியல."

"எனக்கும் அந்த ஒரு நேரம்தான் தாயி இருக்கு."

எப்சிபா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பழசை அப்படியே தனியா எடுத்து வச்சிருக்கேன்க்கா. புதுசை அவனுக்கு அனுப்பிட்டு, பழசை உங்களுக்கு எப்ப வேணும்னாலும் அமுக்குதேன். என்னை நம்புங்க." மனதார நம்பித்தான் சொன்னாள். இத்தனை நாள் அப்படித்தானே நடந்தது, பழையதைத் திரும்பப் போட்டால் பழைய ஏத்தம் வந்துகொண்டுதானே இருந்தது. அக்கா தலையை ஆட்டினாள், ஆனால் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எப்சிபா கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். போட்டுவிட்டு அமுக்கத் தொடங்கினாள். சி பிளாக்கு சட்டியில் போட்ட பொரி மாதிரித் துள்ளியது. சோற்றுத் தட்டோடு எழும்பினார்கள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பாயோடு எழும்பினார்கள், துணி காயப்போட்டவர்கள் கொடிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்கள், என்ன ஏது என்று படியேறி ஓடி வந்தவர்கள் படி தவறாமல் இருக்க எழும்பும்போதெல்லாம் நின்று நின்று வந்தார்கள். வந்து கதவைத் தட்டினார்கள், வாய்க்கு வந்தபடி வைதார்கள், தட்டின கையோடு எழும்பி கதவு நிலையில் தலை இடித்துக்கொண்டார்கள். அவள் ஹெட்போனை இன்னும் அழுத்திக்கொண்டாள். கூரையில் முட்டி விழுகிற மடங்கு ஒன்றைக் கண்டுபிடித்து எடுத்தாள், அமுக்கினாள், ஏத்தம் நாலு விரல் குறைந்தது. அதற்கடுத்ததை எடுத்தாள், அமுக்கினாள், இன்னும் குறைந்தது. சுருதி ஏற ஏற ஒவ்வொரு மேல்மடங்கையும் கூரையில் முட்டுவதற்குச் சற்று முன்னாலேயே, கை காட்டி பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிற மாதிரி இறக்கிவிட்டுக்கொண்டே போனாள், இருக்க வேண்டியவை மட்டும் இருந்தன, வெளியே ஏத்தம் ஒரு விரல் கனமாகி, ஒரு நாணயத்தின் கனமாகி, காகிதத்தின் கனமாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் தரையில் நின்றார்கள். தட்டுவதும் நின்றுவிட்டது.

எப்சிபா கடைசியாக ஒரு தரம் அமுக்கிக் கேட்டாள். மணல் இல்லை. சத்தம் கீழேயிருந்து கிளம்பிச் சர்ரென்று, எங்கேயும் இடிக்காமல், கழுவிப்போட்ட மாதிரி மேலே போனது. இதைத்தான் அவள் முதல் நாளிலிருந்து கேட்க ஆசைப்பட்டது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அனுப்பிவிட்டு, கதவைத் திறந்தாள்.

வாசலில் கூட்டம் நின்றது, கூட்டத்துக்கு முன்னால் அன்னப்பழம் அக்கா நின்றாள். எப்சிபா, "ஒண்ணும் ஆகல, இருங்க," என்று உள்ளே போய்ப் பழைய சத்தத்தை எடுத்து அமுக்கினாள். ஒருவரும் எழும்பவில்லை. திரும்ப அமுக்கினாள். ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பெரிசாகத் திருப்பி அமுக்கினாள், கூட்டத்தின் சலசலப்பில் அது யார் காதிலும் ஏறவில்லை, யாரும் எழும்பவும் இல்லை. பழைய கரகரப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் அதற்குள் இருந்தது போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை வைதிருந்தால்கூட எப்சிபாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிளாக்கு அவளை ஒதுக்கிவைத்தது. ஏத்தத்தை அடைத்தவள் என்றார்கள். படியில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஸ்டூல்கள் திரும்பவும் வெளியே வந்தன, ஒவ்வொரு தடவை ஸ்டூலில் ஏறும்போதும் மூன்றாம் மாடியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஏறினார்கள். மாவு வாங்கப் போனால் அன்னப்பழம் அக்கா, "தீர்ந்துபோச்சு," என்றாள், பின்னால் அண்டா நிறைய மாவு இருந்தது. சென்னையிலிருந்து நவ்ஃபலாவது நாலு வார்த்தை சொல்வான் என்று பார்த்தால், அவன் போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். வேறு ஒன்றும் எழுதவில்லை. ஊரையே பகைத்துக்கொண்டு செய்ததற்கு ஒரு கட்டைவிரல். அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கட்டிலில் வீசி எறிந்தாள்.

விளையாட்டு வெளியான அன்று அவளே வாங்கித் திறந்து பார்த்தாள். "ஒலி: எப்சிபா" என்று வந்தது, கண் இமைக்கிறதற்குள் போய்விட்டது. ஒரு தரம் ஆட்டுக்குட்டியைத் தாவவைத்துப் பார்த்துவிட்டு மூடினாள். இவ்வளவுதானா, இதற்குத்தானா என்று இருந்தது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல், காய் வாங்கி வரலாம் என்று பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.

வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, இரண்டாம் மாடிக்கு ஏறுகிற படியில் அன்னப்பழம் அக்கா உட்கார்ந்திருந்தாள். முட்டி மக்கர் பண்ணிவிட்டது, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். எப்சிபா அவளைத் தாண்டிப் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள். அக்கா வேறு பக்கம் பார்த்தாள். அப்போது எப்சிபா, கையில் கத்தரிக்காய்ப் பையோடு, ஒரு சாண் உயரம் எழும்பினாள்.

இறங்கினாள். அவள் சுவரைப் பிடிப்பதற்குள் திரும்பவும் எழும்பினாள், இறங்கினாள். உள்ளங்கால் இரண்டும் குளிர்ந்துபோயிருந்தன.

"நீ கம்ப்யூட்டருகிட்டயே இல்லியே," என்றாள் அக்கா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகங்கொடுத்துப் பேசின முதல் பேச்சு அது. "யாரு அமுக்குதா?"

"தெரியலக்கா." எப்சிபா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எங்கயோ யாரோ வெளையாடுதாங்க. அவங்க ஆடு தாவுது."

சொல்லி முடிப்பதற்குள் திரும்பவும் எழும்பினாள். எந்த ஊரோ, என்ன பாஷையோ, எவரோ ஒருவர் ஒரு பொத்தானை அமுக்கி அவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, பையிலிருந்து கத்தரிக்காய் ஒன்று விழுந்து படி படியாக உருண்டு போனது. அவள் அழுது சிரிக்கிறதைக் கேட்டுக் கதவுகள் திறந்தன, எல்லார் கண் முன்னாலும் இன்னொரு தரம் எழும்பி இறங்கினாள். தவசிக்கனி கீழ்ப்படியில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்தது எத்தனை மணிக்கும்மா?" என்றார்.

"தெரியாது சார். என் கையில இல்ல."

கூட்டம் அதைக் கேட்டு முணுமுணுத்தது. அவள் மட்டும் எழும்புகிறாள், நமக்கு ஒன்றும் இல்லை என்று ஒருத்தி சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அன்னப்பழம் அக்கா சுவரில் கையை ஊன்றி, பல்லைக் கடித்து, மெதுவாக எழுந்து நின்றாள்.

"தாயி, உன் காலு மேல ஏறி நின்னுக்கிடட்டுமா?"

எப்சிபா செருப்பைக் கழற்றிப் போட்டாள், பையைக் கீழே வைத்தாள். அக்கா அவள் தோள்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, தன் வீங்கிய பாதம் ஒன்றை எடுத்து அவள் பாதத்தில் வைத்தாள், பிறகு மற்றதையும் வைத்தாள். கனமான உடம்பு. எப்சிபாவுக்கு விரல்கள் நசுங்கின, வலித்தது, இருந்தாலும் அக்காவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அப்படியே நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அங்கே ஆட்டுக்குட்டி எந்த மாடியிலிருந்தாவது கீழே விழுந்திருக்கும், விளையாடுகிறவர் தண்ணி குடிக்கப் போயிருப்பார், அல்லது சலித்துப்போய் மூடியே வைத்திருப்பார். மாடிப்படி முழுக்க ஜனங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சத்தம் எப்படித்தான் இருக்கும் தாயி?" என்றாள் அக்கா, நின்ற நிலையில், அவள் காதுக்குப் பக்கத்தில். "ஒரு நாளும் கேட்டதில்லையே நான்."

எப்சிபா அவள் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகத்தான் கேட்கிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, மனுஷத் தொண்டைக்கு வராத அந்தச் சத்தத்தை, கீழேயிருந்து பிடித்துச் சர்ரென்று மேலே இழுத்துப் பாடிக் காட்டினாள். பாதியில் பிசிறியது, கடைசியில் கீச்சென்று போய் முடிந்தது.

அக்கா கவனமாகக் கேட்டாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

எப்சிபாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது, பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குள் இருவரும் எழும்பிவிட்டார்கள்.